பாட்டுப் போட்ட சீடி

போன மாதம் பர்மாவில், பெகு பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை போன் செய்தார். நலம் விசாரிப்பு இரண்டு வரியில் முடிந்தது. அப்புறம் நேராக விஷயம். "தம்பி, அந்தக் கல்யாண சீடி ஓட மாட்டேங்குதுடா. உங்க மாமா பேசுறது அதுலதானே இருக்கு. எப்படியாவது பார்த்துக் குடு."

2004இல் அத்தை மகளுக்கு நடந்த கல்யாணம் அது. வீடியோ எடுத்தவன் நான். ரங்கூனில் அப்போது எனக்குச் சோறு போட்ட தொழில் அதுதான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, திருவிழாக் காலம் வந்தால் ஊர் ஊராகத் தீமிதி. மாமா 2009இல் தவறிவிட்டார். சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது. குரல் என்று கேட்டால், அந்தக் கல்யாணத்தை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

சரி அத்தை என்று சொல்லிவிட்டேன். இதைச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனிடம் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. "மாமா, விசிடியெல்லாம் இந்தக் காலத்துல ஒரு ஃபார்மட்டா? வீட்டுல இருக்கிற மொத்தத்தையும் ஏவி1க்கு மாத்துங்க. தட்டு, டேப் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. அறையாவது காலியாகும்" என்றான். (விசிடி என்றால் வீடியோ சீடி. ஏவி1 என்பது வீடியோவைச் சுருக்கி வைக்கிற புது முறை.) அறை காலியாகும் என்று சொன்னானே, அந்த இடத்தில் என் வீட்டுக்காரி அவன் கட்சிக்குப் போய்விட்டாள்.

அறையில் அப்படி என்ன இருக்கிறது? விசிடி மூன்று அட்டைப்பெட்டி. டிவிடி ஒரு பெட்டி. டிவ்எக்ஸ் என்ற பழைய சுருக்கு முறைக் காலத்து ஏவிஐ ஃபைல்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று. பிஸ்கட் டின்களில், செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா பொட்டலங்களோடு, மினி டிவி டேப்கள். (இந்த 'டிவி' டிஜிட்டல் வீடியோ. தமிழில் எழுதினால் டெலிவிஷனும் இதுவும் ஒன்றாகவே தெரிகிறது. இனி சின்ன டேப் என்றே எழுதுகிறேன்.) ரங்கூன் மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டேப் எம்மாத்திரம்? அதனால்தான் டின்.

விசிடியை யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 1993இல் வந்த வடிவம். உள்ளே எம்பெக்-1 என்ற சுருக்கு முறை. படம் 352க்கு 288 புள்ளிதான், வீடியோவுக்கு நொடிக்கு 1,150 கிலோபிட். ஒரு தட்டில் 74 நிமிஷம். ஒரு தமிழ்ப் படம் பார்க்க நடுவில் இரண்டு தடவை எழுந்து தட்டு மாற்ற வேண்டும். ஆனால் கரண்டே இல்லாத கிராமத்தில், கார் பேட்டரியில் ஒரு சீனா பிளேயரையும் பதினாலு இஞ்ச் டெலிவிஷன் பெட்டியையும் ஓட்டி, முற்றத்தில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்து பார்த்தது விசிடியில்தான். இதில் ஒரு வேடிக்கை. அறுபதுகளில் பர்மாவை விட்டுக் கப்பலேறிப் போன எங்கள் ஆட்களுக்காக 1969இல் சென்னையில் உண்டானது பர்மா பஜார். முப்பது வருஷம் கழித்து அந்தக் கடைகளில் விற்ற படத் தட்டுகள் யார் யார் பையிலோ ஏறி ரங்கூனுக்கு வந்து சேர்ந்தன. போனவர்கள் திரும்பி வரவில்லை, சீடி வந்தது.

அந்தத் தட்டுகளால் வந்த தொல்லையும் உண்டு. பர்மாவில் டெலிவிஷன் ஜப்பான், அமெரிக்கா மாதிரி என்டிஎஸ்சி முறை. இந்தியா, சிங்கப்பூர், தாய்லாந்து எல்லாம் பால் (PAL) முறை. என் கேமரா சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்து விற்றது, அதுவும் பால். நான் செய்து கொடுத்த கல்யாண சீடியைப் பழைய ஜப்பான் பெட்டியில் போட்டவர்கள், "கலர்ல எடுக்கச் சொன்னா கறுப்பு வெள்ளையில எடுத்திருக்கியே" என்று சண்டைக்கு வந்தார்கள். ரிமோட்டில் முறை மாற்ற ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிக் காட்ட மட்டும் நான் பெகுவுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். எண்பது கிலோமீட்டர்.

அத்தையின் தட்டு ஓடாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. எழுதி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தவிரவும் விசிடி, கூடுதல் இடத்துக்காகத் தன் பாதுகாப்பை விற்ற வடிவம். சாதாரண டேட்டா சீடியில் ஒரு செக்டருக்கு 2,048 பைட் போகும், மிச்சம் பிழை திருத்துவதற்கு. விசிடியில் அந்தத் திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு 2,324 பைட் வரை படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கீறல் விழுந்தால் தாங்க மாட்டாது.

நல்ல வேளை, செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தட்டு எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். அது படித்தது. எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் ஏவிசெக்01 என்று ஒரு டாட் (.dat) ஃபைல், விசிடி காலத்து ஆட்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. காப்பி எடுத்தேன். மருமகன் சொன்னதையும் செய்துதான் பார்ப்போமே என்று ஏவி1க்கு மாற்றப் போட்டேன்.

என்னுடையது 2014 வாக்கில் வாங்கிய லேப்டாப். அவன் சொன்ன மெதுவான செட்டிங்கில் நாலரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது. எங்கள் தெருவில் அந்த வாரம் கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். பேட்டரி தாங்கும் என்று ஒரு நப்பாசை. தாங்கவில்லை. திரும்ப கரண்ட் வந்து திறந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, கனமாகவே இருக்கிறது, ஆனால் எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்ததுதான், தெரிந்தும் கோட்டை விட்டேன். எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். எழுதும் முன் கரண்ட் போனால் மொத்தமும் குப்பை. எம்கேவி என்ற இன்னொரு வகை ஃபைலில் போட்டிருந்தால் போன வரைக்குமாவது ஓடும். வேலை முடிந்த பிறகு எம்கேவியை எம்பி4 ஆக்குவது வெறும் பாத்திரம் மாற்றுகிற காரியம். குழம்பு அதேதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. கரண்ட் கண்ணாமூச்சி ஆடும் ஊரில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

மறுநாள் துண்டு துண்டாகப் போட்டு முடித்தேன். ஃபைல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். படம்? விசிடியில் கட்டம் கட்டமாக இருந்ததை ஏவி1 மழுமழுவென்று தேய்த்துக் கொடுத்திருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எம்பெக்-1 எழுதும்போதே தொலைத்துவிட்ட விவரத்தை, இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த ஃபார்மட் எங்கே போய்த் தேடும்? மருமகன் விடவில்லை. செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கி அனுப்பினான். பளபளவென்று இருந்தது. மாமா நெற்றியில் சந்தனக் கீற்று காணாமல் போய், கன்னத்து அம்மைத் தழும்பும் போய், யாரோ சீரியல் நடிகர் நின்றுகொண்டிருந்தார். அதை அத்தைக்குக் காட்டவே இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை முழுசாகப் போட்டுக் கேட்டபோதுதான் கண்டுபிடித்தேன். மாமாவின் குரல் சீடியில் இல்லவே இல்லை.

எப்படி இருக்கும்? அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்காரன் என்ன செய்வான்? நாதஸ்வரம் கொஞ்சம், தாலி கட்டும்போது கெட்டிமேளம், மற்றதெல்லாம் சினிமாப் பாட்டு. வாசலில் வரவேற்கிற காட்சிக்கு ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு. உண்மையான சத்தத்தை எடுத்துவிடுவோம். இரைச்சல் என்று நினைத்தோம். மாமா வாசலில் நின்று வாயசைக்கிறார், கைகூப்புகிறார், சிரிக்கிறார், மேலே ஒரு டூயட் ஓடுகிறது. குரலை அழித்தது விசிடியோ எம்பெக்கோ இல்லை. நான்.

பிஸ்கட் டின்களை அன்று ராத்திரியே கவிழ்த்தேன். சின்ன டேப் அப்போது விலை அதிகம். ஒரு கல்யாணத்து டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுப்போம். எத்தனையோ பேர் கல்யாணம் அப்படி ஒன்றின் மேல் ஒன்று போயிருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்பதால் அத்தை மகள் கல்யாண டேப்பை மட்டும் அழிக்க மனசு வரவில்லை போலும். 2004 என்று என் கையெழுத்தில் இரண்டு டேப். மேலே பர்மிய எழுத்தில் 'அழிக்காதே' என்று வேறு எழுதியிருந்தேன், உதவிக்கு வரும் பர்மியப் பையனுக்காக.

டேப் இருந்தால் போதுமா? என் கேமராவின் ஹெட் எப்போதோ போய்விட்டது. இருபத்தெட்டாவது தெருவில் இன்னும் ஒரு நண்பரிடம் ஓடுகிற கேமரா இருந்தது. கேமராவை வயரில் இணைக்கிற ஃபயர்வயர் துளை உள்ள கம்ப்யூட்டர் இப்போது யாரிடமும் இல்லை. என் பழைய டெஸ்க்டாப்பில் அதற்கான கார்டு செருகி இருந்தது, விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. மூன்று நாள் தூசி தட்டி, ஒரு ராம் (மெமரி) பலகையை இடம் மாற்றி, ஒருவழியாக உயிர் வந்தது.

சின்ன டேப்பின் அருமை இங்கேதான். ஃபயர்வயர் வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள எண்கள் அப்படியே வருகின்றன, மறுபடி சுருக்குவது கிடையாது. நொடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. மருமகனிடம் சொன்னால் மயக்கம் போடுவான். ஏன் இவ்வளவு பெரிது? மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன டேப், ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், தொகை எல்லாம் முழுசாக எழுதுகிற கணக்குப்பிள்ளை. விசிடியின் எம்பெக்-1இலிருந்து ஏவி1 வரை மற்ற ஆட்கள், முதல் வரியை முழுசாக எழுதிவிட்டு அடுத்தடுத்த வரிகளில் 'மேற்படி, மேற்படி' என்று போட்டு மாறியதை மட்டும் எழுதுகிறவர்கள். இடம் மிச்சம். ஆனால் முதல் வரி கிழிந்துபோனால், கீழே இருக்கிற மேற்படிக்கெல்லாம் என்ன அர்த்தம்? அத்தையின் தட்டில் ஒரு கீறலுக்கு ஒரு முழுக் காட்சி சிதறுகிறதே, அது இதனால்தான். சின்ன டேப்பில் பூஞ்சை தின்ற இடத்தில் ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் கட்டம் அடித்தது, அடுத்த ஃபிரேமில் மாமா நலமாக நின்றார்.

பேசவும் செய்தார். பக்கத்து வீட்டுப் பர்மியர்களை "லா பா, லா பா, தாயிங் பா" என்று கூப்பிட்டு உட்கார வைக்கிறார். அப்புறம் தலையைத் திருப்பி, யாரையோ பார்த்து, "டேய், கேமராக்காரனுக்கு முதல்ல ஒரு இலை போடுங்கடா. காலையில இருந்து நிக்கிறான்" என்கிறார். அந்த இடத்தின் மேல்தான் டூயட்டைப் போட்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

சரி, இனி ஃபார்மட் கணக்கு. டேப்பிலிருந்து வந்த 13 ஜிபி ஃபைலை மாற்றுவதாக இல்லை. அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில். புது ஃபார்மட் எத்தனை வந்தாலும் மூலத்திலிருந்து மறுபடி செய்துகொள்ளலாம், மூலத்தை ஒருமுறை சுருக்கிவிட்டால் அதை விரிக்க எந்த ஃபார்மட்டும் கிடையாது. கைவசம் விஎச்எஸ் டேப் வைத்திருப்பவர்கள் கதை வேறு. அது அனலாக், பிடிக்கும்போதே ஏதாவது ஒரு வடிவம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆவணக் காப்பகங்கள் இழப்பில்லாத எஃப்எஃப்வி1ஐ எம்கேவியில் போட்டு வைக்கின்றன. 2021இல் அதற்கு முறையான விவரக்குறிப்பே வெளியாகிவிட்டது. அதை ஒருநாள் தனியாக எழுதுகிறேன்.

அத்தைக்குக் கொடுப்பதற்கு அத்தை வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. போன் செய்து பேரனிடம் கேட்டேன். சோலாரில் ஓடும் டெலிவிஷன் பெட்டி ஒன்று, யூஎஸ்பி துளை உள்ள டிவிடி பிளேயர் ஒன்று, பேரனின் மலிவு போன் ஒன்று. அந்த பிளேயருக்கு எம்பெக்-1, எம்பெக்-2, டிவ்எக்ஸ் தெரியும். அதற்கெல்லாம் பிறகு வந்த எச்.264 என்றால் முழிக்கும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும், ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆகவே பெட்டிக்கு எம்பெக்-2, டிவிடி தரத்தில். 1996இல் டிவிடியோடு வீட்டுக்கு வந்த வடிவம், இன்றைக்கும் அத்தை வீட்டில் அதற்குத்தான் மரியாதை.

போனுக்கு எச்.264. 2003இல் முடிவான தரநிலை, ரங்கூன் தெருவில் போகிற யார் பையில் கைவிட்டு எடுத்த போனிலும் ஓடும். முதலில் அதன் வாரிசான எச்.265இல் ஒன்று அனுப்பிப் பார்த்தேன், பேரன் போனில் மாமா நின்று நின்று பேசினார். எச்.265 மோசமில்லை. 2013இல் வந்தது, ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைக் கொடுக்கும். என் போனே இப்போது அதில்தான் எடுக்கிறது, 4கேயில் எடுக்கிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு உரிமக் கட்டணம் கேட்கிற கூட்டணிகள் ஒன்றுக்கு மேல். அந்தத் தலைவலியால்தான் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மொஸில்லா எல்லாம் 2015இல் சேர்ந்து, 2018இல் கட்டணமில்லாத ஏவி1ஐக் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதைத் தானே விரிக்கிற சில்லு ஐபோனுக்குள்ளேயே 2023இல்தான் வந்தது. பெகு கிராமத்து மலிவு போனுக்கு எப்போது வருமோ. வந்த பிறகு அதற்கும் ஒன்று செய்து கொடுத்தால் போயிற்று, மூலம்தான் என்னிடம் இருக்கிறதே.

இன்னும் இரண்டு நுணுக்கம், இரண்டுமே நான் அடிபட்டுக் கற்றது. சின்ன டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிக் கோடுகளாகப் பிரித்து எடுக்கப்பட்டிருக்கும். அப்படியே போனில் போட்டால் மாலை மாற்றும்போது கையெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அந்தப் பாதிகளைப் பிரித்து நொடிக்கு 50 முழுப் படமாக ஆக்கினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 25 ஆக்கினாலும் கோடு போகும், ஆனால் தீமிதியில் ஓடுகிறவர்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். அடுத்தது புள்ளியின் வடிவம். 720க்கு 576 என்று இருந்தாலும் 768க்கு 576 ஆக விரித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். அத்தைக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது. கல்யாணப் பெண்ணுக்குத்தான் மூஞ்சி நீண்டுவிட்டது.

2014க்கு முன்னால் சிம் கார்டே லட்சக்கணக்கான கியாட் விற்ற நாடு இது. அப்புறம் 1,500 கியாட்டுக்கு வந்தது, எல்லார் கையிலும் போன் வந்தது, சாப்யா என்ற ஆப் வைத்து டேட்டா இல்லாமலே போனுக்குப் போன் படம் மாற்றிக்கொண்டார்கள். அத்தை ஊரில் இன்னும் அப்படித்தான். நான் செய்த எச்.264 ஃபைல் பேரன் போனிலிருந்து ஒரே சாயங்காலத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டதாம்.

பென் டிரைவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "லா பா, லா பா" வந்தது. இலை போடச் சொன்னது வந்தது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார். நாலாவது தடவை ரிமோட்டைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மொஹிங்கா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "எல்லாம் நல்லா இருக்குடா தம்பி. ஆனா அந்த டூயட் பாட்டு எங்க? உங்க மாமா செத்ததுல இருந்து அந்தப் பாட்டோடதான் அவரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்த சீடியையும் போட்டுக் குடுத்துடு."

அந்த டாட் ஃபைலை அழிக்கவில்லை. ராத்திரி கரண்ட் வந்ததும் புதுத் தட்டு ஒன்றில் எழுத வேண்டும், விசிடியாகவே. வெறும் சீடி எங்கே கிடைக்கும் என்றுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.